‘இல்லை’ என்று சொல்லப் பாதர்ஸ்ட் தெருவுக்கு

பேத்தியின் இந்த இணையப் பயணப் பக்கத்தில் போன மாதம் ஒருவர் கேட்டிருந்தார்: ரொறன்ரோவில் மனதை அடக்கி, செய்கிற வேலையில் கவனமாக இருக்கப் பழகுவதற்கு எங்கே போகலாம் என்று. கீழே ஏழெட்டுப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். ஏரிக்கரையில் பாய் விரித்து நடத்தும் வகுப்பாம். வடக்கே காட்டுக்குள் மூன்று நாள் வாய் திறக்காமல் இருக்கும் முகாமாம். வாசிக்கவே எரிச்சல் வந்தது. எனக்கு அந்தப் பாடம் ஒரு யூதக் கிழவியின் குசினியில் (சமையலறையில்) கிடைத்தது. நான் கேட்டுப் போகவில்லை, தலையில் கட்டிவிட்டார்கள். அங்கே போன ஒரு பயணத்தை எழுதுகிறேன். மணி, தூரம், கட்டணம் எல்லாம் சரியாக இருக்கும். எனக்கு எதுவும் மறப்பதில்லை. அதுதான் எனக்குள்ள வருத்தம், அதற்கு மருந்தும் இல்லை என்று என் மகன் சொல்வான்.

நாள், 1998 செப்ரெம்பர் 28, திங்கட்கிழமை. நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. மோர்னிங்சைட்டில், ஏழாம் மாடியில், மகன் சிவத்தோடு இருந்தேன்.

ஏன் போனேன் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1995 மே தொடங்கி இரண்டு வருடம், கிழமைக்கு மூன்று நாள், பாதர்ஸ்ட் தெருவில் மிரியம் என்ற அம்மாவின் வீட்டில் சமையலுக்கும் துடைப்பதற்கும் போய்வந்தேன். புருஷன் இறந்து தனியாக இருந்தவர். என்னைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொன்னார், என்னையும் ‘பரம்’ என்றுதான் கூப்பிடுவார். அந்த வீட்டில் எல்லாம் இரண்டிரண்டு. இறைச்சிக்கு ஒரு பானை வரிசை, பாலுக்கு இன்னொன்று. கரண்டி, கத்தி, துடைக்கிற துணி, கழுவுகிற தொட்டி எல்லாமே இரண்டு. இறைச்சிக் கரண்டியின் பிடியில் சுற்றி ஒட்டிய சிவப்பு ரேப் நாடா, பால் கரண்டியில் நீல ரேப். முதல் நாள் அவர் அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினார், இறைச்சியும் பாலும் ஒன்றோடொன்று படக் கூடாது என்பது அவர்கள் சமயச் சட்டமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வீட்டிலும் மச்சச் சட்டி வேறு, சைவச் சட்டி வேறு. மீன் கிண்டின அகப்பையை வெள்ளிக்கிழமைப் பருப்புக்குள் வைத்தால் என் மாமியார் சட்டியையே உடைத்துவிடுவார். நாற்பது வருடம் அப்படிப் புழங்கினவளுக்கு ஒரு நீல ரேப் பெரிய விசயமா?

எனக்குப் பொறுமை போனது மற்றதில். அந்த மனுசி ஒன்றையும் சும்மா வாயில் போடமாட்டார். அப்பிள் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தால் நிற்பார், வாய்க்குள் ஒரு வரி சொல்வார், பிறகுதான் கடிப்பார். பாண் ரொட்டிக்கு வேறு வரி. வெறும் தண்ணீருக்கும் ஒரு வரி. சூப் ஆறிக்கொண்டிருக்கும், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் கேட்டேவிட்டேன், கடவுளுக்கு இதெல்லாம் கேட்டு அலுக்காதா என்று. “கடவுளுக்கு இல்லை, எனக்கு,” என்றார். “கை தன்ரபாட்டில வாய்க்குப் போகக் கூடாது. நான் அங்க நிக்கோணும்.” (அவர் ஆங்கிலத்தில் சொன்னதை எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன். எனக்கிருந்தது குசினி ஆங்கிலம்தான்.)

இனி மனக்கசப்புக்கு வருகிறேன். 1997 மே மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். மிரியத்தின் தங்கச்சியும் அவவின் புருஷனும் சாப்பிட வந்திருந்தார்கள். கோழி சூப் பானையைத் திறந்தால் உள்ளே நீல ரேப் கரண்டி. பால் கரண்டி! சூப் முழுவதும் குப்பைக்குப் போனது. மிரியம் அந்த இரண்டு பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார்: “உன்ர கைகள் நீ இல்லாமலே வேலை செய்யுது.” நான் அந்தக் கரண்டியைத் தொடவே இல்லை. சொன்னேன். நம்பவில்லை. மிச்சப் பாத்திரங்களைக் கழுவி, துடைத்து, அடுக்கிவிட்டு, வாசலில் நின்று தமிழில் சொன்னேன்: “இந்த வீட்டில இனிப் பச்சைத் தண்ணியும் குடிக்க மாட்டன்.” அவருக்கு விளங்கவில்லை. அது என் பிழை இல்லை.

அந்த வருடம் செப்ரெம்பரில் அவரிடமிருந்து போன் வந்தது. பிழை தன்னுடையதாம். தானே கரண்டியை மாறி வைப்பதைப் பிறகு ஒருநாள் கண்டுபிடித்தாராம், மன்னிக்க வேண்டுமாம். நான் போனை வைத்துவிட்டேன். அடுத்த செப்ரெம்பரில் திரும்பவும் எடுத்தார். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். மகன் வாய் மூடிக்கொண்டு இருக்கிற ஆள் இல்லை, கால் மணித்தியாலம் கதைத்துவிட்டு வந்தான்.

“அம்மா, செவ்வாய்க்கிழமை பின்னேரம் தொடங்கி அவேக்குப் பெரிய விரதமாம். அதுக்கு முதல் ஆரிட்டப் பிழை விட்டதோ அவேட்டயே கேட்டுத் தீர்க்கோணுமாம். ஆக்களுக்குச் செய்ததைக் கடவுள் மன்னிக்க மாட்டாராம்.”

“கேட்டவதானே. நான் இல்லை எண்டிட்டன்.”

“மூண்டு முறை கேக்கோணுமாம். மூண்டாந்தரமும் நீங்கள் இல்லை எண்டா அவ விடுபட்டிடுவா. பிறகு பிழை உங்கட தலையில.”

“என்ன கதை உது? செய்தது உவ, பிழை எனக்கோ?”

“என்னைக் கேட்டா? அவேன்ர சட்டம். இப்ப அவ நடக்கிறது வண்டில் பிடிச்சாம், இங்கால வர ஏலாதாம். மூண்டாந்தரம் முகத்துக்கு முகம் கேக்கோணும், நீங்கள் வருவியளோ எண்டு கேட்டவ.”

“வாறன் எண்டு சொல்லு,” என்றேன். “நேர போய் முகத்துக்கு முகம் இல்லை எண்டு சொல்லிப்போட்டு வாறன்.”

“அதுக்கு ரண்டு மணித்தியாலம் பஸ்ஸில போறியளோ? போனிலயே சொல்லுங்கோவன்.”

உவனுக்கு என்ன தெரியும். போனில் சொன்னால் முகம் தெரியாது.

காலை 9.05க்கு வீட்டை விட்டு இறங்கினேன். 116ஆம் இலக்க மோர்னிங்சைட் பஸ் 9.15க்கு வர வேண்டியது, 9.31க்கு வந்தது. அப்போது பெரியவர்களுக்குக் கட்டணம் இரண்டு டொலர். பெட்டிக்குள் காசைப் போட்டு, இடமாறும் துண்டை வாங்கினேன். கெனடி ஸ்ரேசனுக்கு 10.06. மேலே வருகிற இயந்திரப் படி வேலை செய்தது, கீழே போகிறது நின்றுபோயிருந்தது. எனக்குக் கீழே போக வேண்டியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பும் அதே படிதான் நின்றது.

ரெயினில் கெனடியையும் சேர்த்து எண்ணினால் பதினெட்டாவது ஸ்ரேசன் பாதர்ஸ்ட். முதலில் கொஞ்சம் வெளிச்சம், பிறகு முழுக்க இருட்டுக் குழாய். பிரோட்வியூ தாண்டியதும் ரெயின் திடீரென்று ஒரு பெரிய பாலத்துக்கு மேல் வெளியே வரும். கீழே பள்ளத்தாக்கு, ஆறு, மரங்கள். அன்றைக்கு இலைகள் அங்கொன்று இங்கொன்றாகத்தான் நிறம் மாறியிருந்தன. அந்தப் பாலத்தில்தான் அது திரும்ப ஞாபகம் வந்தது: “பிழை உங்கட தலையில” என்று மகன் சொன்னது. அவனுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஒருவருக்கும் தெரியாது.

அந்தப் புதன்கிழமை பாத்திரங்களைக் கழுவி அடுக்கினேன் என்று எழுதினேன் அல்லவா? அடுக்கின பிறகு, அவர்கள் மூவரும் முன்னறையில் இருந்தபோது, நீல ரேப் கரண்டியை எடுத்தேன். அடுக்குத் தட்டில் இருந்த இரண்டு பெரிய இறைச்சிப் பானைகளுக்குள்ளும் விட்டு, மூன்று மூன்று சுற்றுச் சுற்றினேன். அடியில் உரசும்படி. பிறகு கரண்டியை அதன் இடத்தில் வைத்தேன். நான் செய்யாததைச் செய்தேன் என்றாயே, இந்தா, இப்போது செய்திருக்கிறேன், தெரியாமல் சாப்பிடு என்று.

வாசிக்கிற பிள்ளைகள் இது என்ன சின்ன விசயம் என்று நினைப்பீர்கள். என் சைவச் சட்டிக்குள் ஒருத்தி மீன் அகப்பையை வேண்டுமென்று விட்டுச் சுற்றியிருந்தால் நான் அவளைச் சாகும்வரை விடமாட்டேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். அன்றைக்கு என் கைகள் நான் இல்லாமல் வேலை செய்யவில்லை. நான் முழுதாக அங்கே நின்றேன்.

10.41க்குப் பாதர்ஸ்ட் ஸ்ரேசன். கவனியுங்கள், வெளியே தெருவுக்குப் போகக் கூடாது. 7ஆம் இலக்க பஸ் ஸ்ரேசனுக்குள்ளேயே வரும், வெளியே கால் வைத்தால் இன்னொரு இரண்டு டொலர் கேட்பார்கள். ஏறினால் சாரதி ஆசனத்தில் அதே ஜமேய்க்காக்காரன். 1996 பெப்ரவரியில், நான் ஓடி வருவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே கதவை மூடி எடுத்துக்கொண்டு போனவன். பனிக்குள் இருபத்திரண்டு நிமிடம் நின்றேன்.

“மம்மா! கன காலம் காணேல்லை!” என்றான்.

“நீ பெப்ரவரியில என்னை விட்டுட்டுப் போனனி,” என்றேன்.

“எந்தப் பெப்ரவரி?”

“தொண்ணூத்தாறாம் ஆண்டுப் பெப்ரவரி.”

விழுந்து விழுந்து சிரித்தான். “சொறி மம்மா, சொறி சொறி,” என்று மூன்றுதரம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான். இந்த நாட்டில் அந்த மன்னிப்புச் சொல் தும்மல் மாதிரி. நாங்கள் அவர்கள் காலை மிதித்தாலும் அவர்கள்தான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை நான் என் புருஷன் வாயில் முப்பத்தொரு வருடத்தில் கேட்கவில்லை. நானும் சொன்னதில்லை.

பஸ் வடக்கே ஏறியது. எக்ளின்ரன் தாண்ட வெதுப்பகங்கள், இறைச்சிக் கடைகள், நீளப் பாவாடைப் பெண்கள், இரண்டு கையிலும் பையோடு ஓடும் ஆண்கள். விரதத்துக்கு முன்னால் ஊரே முண்டியடிக்கிற மாதிரி. லோறன்ஸ் தாண்டி இரண்டாவது தரிப்பில் 11.17க்கு இறங்கி ஆறு நிமிடம் நடந்தேன். வீட்டிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம் பதினெட்டு நிமிடம்.

மிரியம் தானே கதவைத் திறந்தார். பாதியாகிப் போயிருந்தார். நடைவண்டிலைப் பிடித்தபடி கதவு நிலையில் பதித்திருக்கும், வேதச் சீட்டு வைத்த சின்னக் கூட்டை எட்டித் தொட்டு விரலை முத்தமிட்டார். அது அவர்கள் வழக்கம், உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் ஒருமுறை தொடுவது. என்னை உள்ளே விட்டுவிட்டுத் திரும்பினவர், கொஞ்சம் நின்று, யோசித்து, மறுபடியும் எட்டித் தொட்டார். அப்போதுதான் தொட்டதை மறந்துவிட்டார். எனக்கு வாய்க்குள் வைத்திருந்த ‘இல்லை’ கொஞ்சம் கனத்தது.

குசினியில் ரேப் போதாது என்று எல்லா இடமும் கடுதாசி ஒட்டியிருந்தது. பெரிய எழுத்தில் பால், இறைச்சி, பால், இறைச்சி. மிரியத்தின் மகனுடைய எழுத்தாம். மேசையில் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தார்.

“எனக்கு விரதம்,” என்றேன்.

“தண்ணியுமா?”

“தண்ணியும்தான்.” அது பொய். நவராத்திரிக்கு நான் ஒருபோதும் தண்ணீர் குடிக்காமல் விட்டதில்லை. காலையிலிருந்து தொண்டை காய்ந்துபோயிருந்தது.

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். மறந்துபோய்விடும் என்று எழுதி வைத்திருந்தார். கண்ணாடியைப் போட்டு வாசித்தார்: “போன வருசம் மே மாசம் செவ்வாய்க்கிழமை…”

“புதன்,” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தார். பென்சில் தேடி எடுத்து, செவ்வாயை வெட்டிப் புதன் என்று எழுதினார். “என்ர தங்கச்சிக்கு முன்னால…”

“தங்கச்சி மட்டுமில்லை, அவவின்ர மனுசனும் இருந்தவர். ஒரு பெரிய துண்டு கேக்கும் திண்டவர்.”

அதையும் எழுதினார். கேக்கை எழுதினாரோ தெரியாது. “உன்ர கைகள் நீ இல்லாமலே வேலை செய்யுது எண்டு சொன்னன். அது பொய். என்ர கைகள்தான் நான் இல்லாமல் வேலை செய்தது. நீ சொன்னதை நான் நம்பேல்லை. உன்னை வெக்கப்படுத்தினன். என்னை மன்னி.” அட்டையை மேசையில் வைத்தார். “இது மூண்டாந்தரம். நீ இல்லை எண்டும் சொல்லலாம், பரம். ஆனா வாற வருசம் இந்த அட்டை இருக்கும், இதில என்ன எழுதியிருக்கெண்டு எனக்கு விளங்காது. என்னத்துக்குக் கேக்கிறன் எண்டு தெரியேக்க கேக்க வேணும் எண்டு நினைச்சன்.”

நான் ‘இல்லை’ சொல்லத்தான் வந்தேன். இரண்டு மணித்தியாலம் பதினெட்டு நிமிடம் அதைத்தான் வாய்க்குள் வைத்திருந்தேன். சொன்னால் அவர் விடுபட்டுப் போய்விடுவார். நான் அந்தக் கரண்டியோடு பஸ் ஏற வேண்டும். அவருக்கோ ஒவ்வொரு நாளும் ஒரு பிடி மறந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் வைத்திருக்கப் போகிறவள் நான் ஒருத்திதான்.

“நானும் ஒண்டு செய்தனான்,” என்றேன். சொன்னேன். நீலக் கரண்டி, இரண்டு பானை, மூன்று மூன்று சுற்று. என் குசினி ஆங்கிலத்துக்கு அது போதும்.

மிரியம் கண்ணாடியைக் கழற்றி அட்டைக்கு மேல் வைத்தார். பிறகு கேட்டது எனக்கு இன்றைக்கும் எரிச்சல்.

“பானை சூடா இருந்ததோ?”

“என்ன?”

“சூடோ, ஆறியோ?”

“ஆறி. கழுவி அடுக்கினது.”

“உள்ளுக்கு ஏதாவது இருந்ததோ?”

“ஒண்டுமில்லை.”

“கரண்டி ஈரமோ?”

“காய்ஞ்சது. நான்தான் துடைச்சனான்.”

“வடிவா ஞாபகமோ?”

“மிரியம்!” என்றேன். என்னிடமா கேட்கிறார்?

கையை விரித்தார். “அப்ப பானைக்கு ஒண்டுமில்லை. ஆறின பானை, காய்ஞ்ச கரண்டி. எங்கட குரு ராபியிட்டக் கேக்கிற வேலையுமில்லை.”

எனக்கு வந்த கோபம் சொல்ல ஏலாது. ஒரு வருடமும் நாலு மாதமும் நெஞ்சுக்குள் கல் மாதிரி வைத்திருந்தேன், அது கணக்கிலேயே இல்லையாம்! எங்கள் வீட்டில் என்றால் சட்டியை எறிந்திருப்போம். இவர்களுடைய சட்டத்தில் சூடு, ஈரம், காய்வு எல்லாம் பார்த்துத்தான் தீட்டாம்.

“பானைக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னன்,” என்றார் மிரியம். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு அந்தச் சொல் வரவில்லை. ஜமேய்க்காக்காரன் மூன்றுதரம் சொன்ன சொல், எனக்கு ஒருதரம் வரவில்லை. தண்ணீர்க் கிளாஸை இழுத்தேன்.

“விரதம் எண்டாய்?”

“அது பொய். எங்கட ஆக்கள் கோவமெண்டா அந்த வீட்டில பச்சைத் தண்ணியும் குடியாதுகள். அண்டைக்கு வாசலில நிண்டு அதைத்தான் சொன்னனான்.”

“அப்ப இப்பக் குடிச்சா?”

“குடிச்சா முடிஞ்சுது.”

யோசித்தார். “எது முடிஞ்சுது? நீ என்னை மன்னிக்கிறதோ, நான் உன்னை மன்னிக்கிறதோ?”

“ரண்டும்தான்!”

“ஒரே கிளாஸிலயோ?” என்று கேட்டு, வண்டிலைத் தள்ளிக்கொண்டு போய் இன்னொரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். எல்லாம் இரண்டிரண்டான வீடு. இதுவுமா? பிறகு தனக்கும் ஒன்று எடுத்து, தண்ணீருக்கான அந்த ஒரு வரியைச் சொன்னார். நான் காத்திருந்தேன். அந்த இரண்டு வருடத்தில் நான் அவருக்காகக் காத்திருந்தது சூப் ஆறுகிறதே என்றுதான். அன்றைக்கு என் கையில் கிளாஸ் இருந்தது, தாகம் இருந்தது, கை வாய்க்குப் போகவில்லை. முதல் கிளாஸ் அவர் சொன்னதற்கு. இரண்டாவது நான் செய்ததற்கு. ஒவ்வொன்றையும் எதற்கென்று தெரிந்து குடித்தேன்.

1.10க்குப் புறப்பட்டேன். இதைப் படித்துவிட்டு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு என் முதல் அறிவுரை: இரண்டு கிளாஸ் தண்ணீர் குடித்தால் அந்த வீட்டிலேயே போய்விட்டுப் புறப்படுங்கள். நான் போகவில்லை. அந்தப் பாலத்தைத் தாண்டும்போது பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது. மகன் கதவைத் திறந்ததும் “இல்லை எண்டு சொன்னீங்களோ?” என்று கேட்டான். அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

மற்றவை: வெள்ளி பின்னேரமும் சனியும் போகாதீர்கள், அது அவர்கள் ஓய்வுநாள், கடைகள் பூட்டு, போனும் எடுக்கமாட்டார்கள். இன்னொருவர் குசினியில் எந்தக் கரண்டியையும் கேட்டுவிட்டே எடுங்கள். அவர்கள் உணவுக்கு முன் நின்றால் நீங்களும் நில்லுங்கள், சூப் ஆறினால் ஆறட்டும். கட்டணம் அப்போது போகவர நாலு டொலர், இப்போது அதைவிடக் கூடுதல். 116ஐ நம்பி நேரம் குறிக்காதீர்கள்.

வாற வருடம் விளங்காது என்று மிரியம் சொன்னது சரிதான். 1999 செப்ரெம்பரில் போன் வந்தது. அட்டையை வாசித்தார்: மே மாதம், புதன்கிழமை, தங்கச்சியும் புருஷனும். நான் திருத்தின அட்டை. “இது என்னத்துக்கெண்டு தெரியாது,” என்றார், “ஆனா என்ர எழுத்து.” எல்லாம் முடிந்தது என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். சொன்னால் அவர் நம்ப வேண்டுமே. ஆகவே முதலிலிருந்து சொன்னேன். என் பங்கையும் சொன்னேன், கரண்டி, பானை, மூன்று சுற்று.

“பானை சூடா இருந்ததோ?” என்று கேட்டார்.

அதற்கடுத்த இரண்டு வருடமும் அதே அட்டை, அதே கேள்வி. நாலாவது வருடம் போன் வரவில்லை. அந்த மூன்று வருடமும் நான் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு, குசினித் தொட்டியடியில் நின்று, “இல்லை மிரியம், ஆறின பானை,” என்று சொல்லி, இரண்டு கிளாஸ் தண்ணீரை அவருக்குச் சத்தம் கேட்கும்படி குடித்தேன்.